அவன் யாரு எங்கள மன்னிக்க

கொஞ்சம் தள்ளி உக்காரு பாப்பா, வெயில் இந்தப் பக்கம் வந்துடுச்சு. இந்தத் தகரக் கொட்டாய்ல இன்னும் ரெண்டு பெஞ்சு போட்டா என்ன கொறஞ்சா போயிடும் இவங்களுக்கு? செயிலுக்கு மனு போட்டு ஆளப் பாக்க வர்ற பொம்பளைங்கன்னா இவங்களுக்கு எளக்காரம். நாம என்னமோ தப்பு பண்ண மாதிரி.

நீ யாரப் பாக்க வந்த? வீட்டுக்காரரா? அய்யோ, சின்ன வயசா இருக்கியே. என்ன கேசு? லாரி ஏத்திட்டாரா... பாவம், வேணும்னேவா செஞ்சிருப்பாரு? ஒம் பேரு என்ன? காளீஸ்வரியா. சரி சரி. எந்தச் சாமியக் கும்பிட்டா என்ன, கஷ்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

எனக்கு எம் மகன். பிரிட்டோன்னு பேரு. அவன் கொலகாரன் இல்ல, திருடன் இல்ல. ஒரு பொம்பளப் பிள்ளைய ஏறெடுத்துப் பாத்தவன் இல்ல. வேதத்துக்காக உள்ள இருக்கான். ஒனக்குப் புரியாது. எங்க வேதத்துல அதுக்குப் பாடுபடுறதுன்னு சொல்லுவோம். விசுவாசத்துக்காக செயிலுக்குப் போனவங்க, கல்லடி பட்டவங்க, தோல உரிச்சாங்க, சிங்கத்துக்குப் போட்டாங்க, எல்லாம் எங்க கோயில் சன்னல்ல கண்ணாடியில படமா இருக்கு. அதப் பாத்துப் பாத்து வளந்தவ நான். எங்க வீட்டுக்கே அது வரும்னு நான் நெனைக்கல.

பேரு கூப்பிட நேரமாகும். இந்த வார்டர் டீக்கு போயிட்டு வந்தாத்தான். கேளு.

எங்க ஊரே வேதக்கார ஊரு. கோயில் கோபுரம் மெயின் ரோட்ல பஸ்ஸுல போறவங்களுக்குத் தெரியும். எங்க பாட்டன் பூட்டன் சுண்ணாம்பு அரைச்சுக் கட்டுன கோயில். நாங்க மேலத்தெரு. ஏரிக்கரைக்கு அந்தாண்ட அவங்க தெரு. அவங்கன்னா... சொல்லணுமா? ஒங்க ஊர்லயும் இருக்குமில்ல. ஆனா அவங்களும் வேதந்தான். நாங்க ஒண்ணும் வராதேன்னு சொன்னது கெடயாது. கோயில்ல நாங்க நடுவுல உக்காருவோம், அவங்க எடது பக்கச் சார்ப்புல உக்காருவாங்க. நன்மை வாங்குறப்ப நாங்க வாங்கி முடிச்சதும் அவங்க வருவாங்க. நன்மைன்னா, சாமியார் நாக்குல அப்பம் வப்பாரு, ஒங்களுக்குப் பிரசாதம் மாதிரின்னு வச்சுக்கோ. எங்க கல்லறை தனி, அவங்க கல்லறை தனி, நடுவுல ஒரு செவுரு. அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கொறையும் இல்ல. அப்படியே போயிட்டிருந்தது. யாரும் அழுதத நான் பாத்ததில்ல.

அந்தத் தெருவுல மதலைமுத்துன்னு ஒருத்தன். கொத்தனார். நல்லவன்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். கோபுரத்துக்குப் பூச்சு வேலை அவந்தான் செஞ்சான். உச்சியில சாரத்துல நின்னுக்கிட்டு கரண்டியால பூசிக்கிட்டே செபமாலை சொல்லுவான். கீழ கேக்கும். தவக்காலம் முழுக்க ஒரு நேரம்தான் சாப்பாடு. எங்க வீட்டு மாடியும் அவந்தான் கட்டுனான். மதியம் சோறு போட்டா, தட்டு அவனே கொண்டாந்திருப்பான். கொல்லப் பக்கமா வருவான், கொல்லப் பக்கமா போவான். அந்த மரியாதையெல்லாம் தெரிஞ்சவன். அதனாலதான் எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. தெரியாதவன் செஞ்சா போவட்டும்னு விடலாம்.

எங்க கோயிலுக்குப் புதுசா ஒரு சாமியார் வந்தாரு. தனிஸ்லாஸ் சாமி. சின்ன வயசு, கண்ணாடி போட்டிருப்பாரு. வந்த அன்னைக்கே அவங்க தெருவுல போயி டீ குடிச்சாராம். எங்க வீட்டுக்காரரு பேரு அருளப்பன், ஊர் நாட்டாமை. அவரு அப்பவே சொன்னாரு, இந்தச் சாமி ஊர ரெண்டாக்காம போமாட்டாருன்னு. வாயில சக்கர போடணும் அந்த மனுசனுக்கு.

ஈஸ்டருக்கு முந்தி பெரிய வியாழக்கிழமைன்னு ஒண்ணு வரும். ஏசுநாதர் சாவறதுக்கு மொத நாளு தன்னோட சீடங்க பன்னெண்டு பேரு காலையும் கழுவி விட்டாரு. அதே மாதிரி அன்னைக்குக் கோயில்ல சாமியாரு பன்னெண்டு ஆம்பளைங்கள உக்கார வச்சு காலக் கழுவித் தொடச்சு முத்தம் குடுப்பாரு. எங்க மேலத்தெருவுல பன்னெண்டு குடும்பத்துக்கு அது பாத்தியதை. எங்க வீட்டுக்காரருதான் மொத ஆளு. எங்க மாமனாரும் அதே நாற்காலியிலதான் உக்காந்தாரு.

இந்தச் சாமி பூசையில எந்திரிச்சி பேரு வாசிக்கிறாரு. பாதி எங்க தெரு, பாதி அவங்க தெரு. எங்க வீட்டுக்காரரு பேருக்குப் பக்கத்துல மதலைமுத்து பேரு.

ஊரு பூராவும் கொதிச்சுப் போச்சு. ஆனா நாங்க நிதானமாத்தான் இருந்தோம். எங்க கொழுந்தனார அனுப்பிச்சு மதலைமுத்துகிட்ட சொல்லச் சொன்னோம். "ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு, யாருக்கும் சங்கடம் வேணாம்." அதட்டியெல்லாம் சொல்லல. தன்மையாத்தான் சொன்னாரு. அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"அய்யா, கோயில்ல நா ஒண்ணும் கேக்கலீங்க. ஆனா ஏசுவே வந்து ஒங் கால நீட்டு, கழுவறேன்னு சொல்றாப்ல இருக்கு. அவருகிட்ட ஒடம்பு சரியில்லன்னு எப்படிங்க பொய் சொல்றது?"

பாத்தியா. எவ்வளவு தெளிவு!

அன்னைக்குக் கோயில்ல உக்காந்திருந்தேன். எங்க வீட்டுக்காரரு வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு அவரு நாற்காலியில உக்காந்திருக்காரு. பக்கத்துல அவன். சலவைச் சட்டை போட்டிருந்தான். கால நல்லா தேச்சுக் கழுவிட்டு வந்திருந்தான், அத நான் சொல்லத்தான் வேணும், ஆனாலும் சிமெண்டு அரிச்ச காலு, வெடிச்சு வெடிச்சு இருந்துச்சு. கால ரெண்டையும் நாற்காலிக்கு அடியில மறைச்சு வச்சிருந்தான். அப்ப மட்டும் வெக்கம் இருந்துச்சு.

சாமியாரு எப்பவும் எங்க வீட்டுக்காரருகிட்டதான் மொதல்ல வருவாங்க. இவரு எதிர் முனையிலேருந்து ஆரம்பிச்சாரு. அப்ப கடைசி ஆளு எங்க வீட்டுக்காரரு, அதுக்கு முன்னாடி மதலைமுத்து. பித்தளைத் தட்டு ஒண்ணு, சொம்புத் தண்ணி, ஒரே துண்டு. மதலைமுத்து கால எடுத்து தட்டுல வச்சு தண்ணி ஊத்துனாரு. தொடச்சாரு. குனிஞ்சு முத்தம் குடுத்தாரு. அந்த வாயால பொறவு எங்களுக்கு எப்படி நன்மை குடுப்பாரு, சொல்லு? அவன் அழுவறான். வாயப் பொத்திக்கிட்டு அழுவறான். கோயிலே அவனத்தான் பாக்குது.

அதே தட்டத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்காரருகிட்ட வந்தாரு.

இவரு கால உள்ள இழுத்துக்கிட்டாரு. "சாமி, தட்ட மாத்துங்க"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு.

"மாத்த மாட்டேன் அருளப்பா. கால நீட்டு."

"துண்டயாச்சும் மாத்துங்க சாமி."

"ஒங் கால நான் கழுவலன்னா ஒனக்கு எங்கிட்ட பங்கில்லன்னு ஆண்டவரு சொன்னது ஒனக்குத் தெரியும். நீட்டு."

எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சிட்டாரு. அவரு எந்திரிச்சதும் எங்க ஆம்பளைங்க மொத்தமும் எந்திரிச்சாங்க. நாங்க பொம்பளைங்க முக்காட்ட இழுத்துக்கிட்டுப் பின்னாடியே வந்துட்டோம். நான் வாசல்ல நின்னு ஒருக்கா திரும்பிப் பாத்தேன். அவன் அப்படியே உக்காந்திருந்தான். ஈரக் காலோட. எந்திரிச்சிருக்கலாமில்ல? ஊரே வெளிய போவுது, நாட்டாமை போறாரு, எனக்காக இது வேணாம் சாமின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எந்திரிச்சிருக்கலாமில்ல? அன்னைக்கு அவன் எந்திரிச்சிருந்தா இன்னைக்கு ஒண்ணுமே இல்ல. எம்புள்ள வீட்ல இருப்பான். அவனுக்கும் ரெண்டு காலு இருந்திருக்கும்.

சொல்றேன், சொல்றேன். அவசரப்படாத.

வீட்டுக்கு வந்தா எங்க வீட்டுக்காரரு கொழாயடியில உக்காந்து டெட்டால் போட்டு காலக் கழுவறாரு. தண்ணியே படல, ஆனாலும் கழுவறாரு. அந்த மனுசன் அப்படித் தலகுனிஞ்சு நான் பாத்ததில்ல. பிரிட்டோ அப்ப பாலிடெக்னிக் முடிச்சிட்டு வேலைக்குப் பாத்துக்கிட்டிருந்தான். சாதுவான புள்ள. கோழி அறுத்தாக்கூட அந்தப் பக்கம் போயிடுவான். அவங்க தெருப் பயலுங்களோட ஏரிக்குள்ள கிரிக்கெட்டு ஆடுவான், எத்தன வாட்டி அடிச்சிருக்கேன் தெரியுமா அதுக்காக. மறுநாளு பெரிய வெள்ளி. காலையில அவன் பாட்டுக்குக் கஞ்சியக் கரைச்சுக் குடிச்சுக்கிட்டு இருக்கான். எனக்கு வந்துச்சு பாரு.

"ஒங்கப்பன் அங்க செத்த பொணமாட்டம் உக்காந்திருக்காரு. நீ இங்க கஞ்சி குடிக்கிறியா? அந்தக் கால ஒடச்சிட்டு வந்து குடிடா. அதுவரைக்கும் என் கையால ஒனக்குப் பச்சத்தண்ணி கெடயாது. நீ என் வயித்துல பொறந்தவனா இல்ல ஏரிக்கு அந்தாண்ட பொறந்தவனான்னு இன்னைக்குத் தெரியட்டும்."

தாய்க்குத் தோணுறதத்தான சொன்னேன். எந்தத் தாயும் சொல்லுவா. நீயும் சொல்லுவ, ஒனக்கு ஒரு புள்ள பொறக்கட்டும். அவன் கஞ்சிக் கிண்ணத்தக் கீழ வச்சான். என்னையே பாத்தான். சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய போயிட்டான். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும்.

அன்னைக்கு நாங்க கோயிலுக்குப் போவல. அவங்க தனியா சிலுவைப்பாதை நடத்துனாங்க ஏரிக்கரை மேல. பெரிய சிலுவை ஒண்ணச் சொமந்துக்கிட்டு நின்னு நின்னு செபம் சொல்லிக்கிட்டே போவாங்க, ஏசுநாதர் போன மாதிரி. சிலுவையச் சொமந்தது மதலைமுத்து. பின்னால அவன் பொண்டாட்டி செசிலி, பொறவு சனங்க. மதகுகிட்ட வந்ததும் நம்ம பசங்க நாலஞ்சு பேரு எறங்கியிருக்காங்க. மொகத்துல துண்டு கட்டிக்கிட்டு. கையில கடப்பார. சனங்க செதறி ஓடிட்டாங்க. சிலுவை மேல கெடக்க எந்திரிக்க முடியாம மாட்டிக்கிட்டான் அவன். கால மதகுக் கல்லு மேல இழுத்து வச்சு...

ரெண்டு காலையும்.

செசிலி மேல விழுந்து தடுத்திருக்கா. அவளுக்கு மணிக்கட்டு போச்சு.

கத்துனான்னு சொன்னாங்க. சொல்ல என்ன, எனக்கே கேட்டுச்சு. மேலத்தெரு வரைக்கும் கேட்டுச்சு. நான் அப்ப முழங்கால்ல நின்னுக்கிட்டு இருந்தேன். ஆண்டவர் உயிர் விட்ட நேரம், அப்ப மௌனமா செபம் சொல்லணும், நடுவுல எந்திரிக்கக் கூடாது. நான் எந்திரிக்கல. அந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தேன்.

பிரிட்டோ வந்தான். கையக் கழுவிட்டு உக்காந்தான். நான் சோறு போட்டேன். திங்கல. போட்ட சோத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்.

அதுக்கப்புறம் நாங்க பட்ட பாடு இருக்கே! போலீசு வந்து கதவ ஒதைக்குது. ஆம்பளைங்க எல்லாம் கரும்புக் கொல்லையில போயி ஒளிஞ்சிக்கிட்டாங்க. ஈஸ்டருக்கு எங்க தெருவுல ஒரு ஆம்பள கெடயாது. நாங்க பொம்பளைங்க கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து நடுங்குறோம். ஏசுநாதர் செத்ததும் சீடங்க இப்படித்தான் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம். நான் அதத்தான் நெனச்சுக்கிட்டேன். ஆதிகாலத்துக் கிறிஸ்தவங்க பட்டத நாங்க பட்டோம் பாப்பா.

கோயில நாங்கதான் பூட்டுனோம். ஆனா பூட்ட வச்சது யாரு? அந்தச் சாமிய மாத்துற வரைக்கும் தெறக்க மாட்டோம்னு சாவிய வச்சுக்கிட்டோம். அவரு போயி அவங்க தெருவுல கீத்துக் கொட்டாய்ல பூச வக்கிறாரு. எங்களுக்குப் பூச இல்ல, நன்மை இல்ல, கிறிஸ்மஸ் இல்ல. எங்க அத்தான் செத்தப்ப சாமியாரு இல்லாம நாங்களே பொதச்சோம். அவங்களுக்குக் கடையில சாமான் குடுக்கக் கூடாது, வேலைக்குக் கூப்பிடக் கூடாதுன்னு ஊர்ல முடிவு பண்ணோம், அதப் பேப்பர்ல கொடுமைன்னு போட்டான். நாங்க பூச இல்லாம கெடந்தோமே, அத எந்தப் பேப்பர்ல போட்டான்?

இருந்தாலும் நான் எறங்கிப் போனேன். அதச் சொல்லணுமில்ல. பெரியாஸ்பத்திரிக்கு நானே போனேன், கொழுந்தனாரக் கூட்டிக்கிட்டு, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டு. வலது காலு சீழ் புடிச்சு கணுக்காலுக்கு மேலயே எடுத்துட்டாங்க. எடது காலுல கம்பி. போர்வைக்கு அடியில ஒரு பக்கம் காலி. கண்ணு உள்ள போயி, தாடி வளந்து, ஆளே அடையாளம் தெரியல. என்னப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தான். பழக்கம். முடியல.

"வாங்கம்மா"ன்னான்.

"மதலைமுத்து, ஏதோ சின்னப் பசங்க, புத்தி கெட்டுப் போச்சு. வைத்தியச் செலவு பூரா எங்களோடது. நீயும் வேதக்காரன், நானும் வேதக்காரி. ஏசுநாதர் என்ன சொல்லிருக்காரு? மன்னிக்கச் சொல்லிருக்காரில்ல?"

"மன்னிச்சிட்டேம்மா"ன்னான். நான் கேக்கறதுக்கு முன்னாடியே ரெடியா வச்சிருந்த மாதிரி. "பிரிட்டோ தம்பி மேல எனக்குக் கோவம் இல்லீங்க. மொதல்ல இருந்துச்சு, ரொம்ப இருந்துச்சு. வலிக்கும்போதெல்லாம் அந்தப் பையன் செத்துப் போவணும்னு தோணும். அப்பறம் தெனம் அவனுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்ல ஆரம்பிச்சேன். மொத்தமாப் போவல. ஆனா கொறஞ்சிருக்கு."

எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது. ஆனா காரியம் முக்கியம், பொறுத்துக்கிட்டேன். "அப்பச் சரி. ஆளு அடையாளம் தெரியலன்னு சொல்லிடு."

"அது வேற இல்லீங்களாம்மா? அவன் மொகத்துத் துண்டு அவுந்துடுச்சு. ஒரு நிமிசம் அப்படியே நின்னுட்டான், கடப்பாரயப் புடிச்சுக்கிட்டு. நா அவனப் பாத்தேன், அவன் என்னப் பாத்தான். பிரிட்டோ தம்பின்னு கூப்பிட்டேன். அப்பறந்தான் அடிச்சான். கோர்ட்ல பைபிள்ல கை வச்சிக் கேப்பாங்க. பொய் சொல்ல முடியாதும்மா."

"மன்னிச்சிட்டேங்கற, அப்பறம் காட்டிக் குடுக்கறங்கற, இது என்ன ஞாயம்?"

"மன்னிச்சிட்டேங்கறதுக்காக நடக்கலன்னு ஆயிடுமாம்மா?"

அந்தச் செசிலி செவுத்தோரமா உக்காந்திருந்தா, கையில கட்டோட. எந்திரிச்சு வந்தா. "அவரு மன்னிச்சிருக்காரு. நா மன்னிக்கல. பழத்த எடுத்துக்கிட்டுப் போங்க." பையத் தூக்கி வராண்டாவுல வச்சா. "நாளைக்கி நா மன்னிச்சாலும் சொல்லி அனுப்புறேன், நீங்க வராதீங்க."

அவகூடப் பரவால்ல பாப்பா. அவ பேசுனது மனுசங்க பேசுற பேச்சு. திட்டுனா நாமளும் திட்டிட்டு வரலாம். இவன் மன்னிச்சிட்டேன்னு சொல்றானே, அதுதான் எனக்கு நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது. அவன் யாரு எங்கள மன்னிக்க? மன்னிக்கறதுன்னா மேல இருக்கறவங்க கீழ இருக்கறவங்களுக்குச் செய்யறது. கடவுள் மனுசன மன்னிப்பாரு. சாமியாரு நம்ம பாவத்த மன்னிப்பாரு. எங்க மாமனாரு அவங்கப்பன எத்தனையோ தடவ மன்னிச்சு விட்டிருக்காரு. எங்க வீட்டு மாடியக் கட்டிட்டுக் கொல்லப் பக்கமா போனவன், கட்டில்ல படுத்துக்கிட்டு என்ன மன்னிக்கிறானாம்.

கோர்ட்லயும் அதேதான். கட்டையக் கக்கத்துல வச்சிக்கிட்டு கூண்டுல ஏறுனான். நடந்தத நடந்தபடி சொன்னான். மத்த பசங்க மொகத்தப் பாக்கலன்னு சொன்னான், அதுலயும் பொய் சொல்லல. எம்புள்ளயத்தான் கைகாட்டுனான். அவங்க எல்லாம் விடுதல. இவனுக்கு மட்டும் தண்டன. "எனக்கு அவம்மேல கோவம் இல்லீங்க அய்யா, தண்டன குடுக்கறது ஒங்க வேல"ன்னு சொன்னான் ஜட்ஜுகிட்ட. ஜட்ஜே கண்ணாடியக் கழட்டிட்டு அவன ஒரு பார்வ பாத்தாரு. எம்புள்ள கூண்டுல நின்னு தலையக் குனிஞ்சிக்கிட்டான். எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு வெளிய போனவரு, அதுக்கப்பறம் மகனப் பாக்க ஒரு வாட்டிகூட இந்த செயிலுக்கு வரல. நாந்தான் வர்றேன். பஸ்ஸு மாறி, பஸ்ஸு மாறி.

அழுவாத. ஏன் நீ அழுவற? எனக்காகவா? ...அவனுக்காகவா? சரி, தொடச்சுக்கோ.

இன்னும் கேளு. இதுக்கு மேலதான் கொடும.

செயில்ல இருக்கறவங்களப் பாக்க சிஸ்டருங்க வருவாங்க, பாத்திருப்ப, வெள்ளப் பொடவ. அவங்களோட இந்த மதலைமுத்து வந்திருக்கான். கட்டைய ஊனிக்கிட்டு. எம்புள்ளயப் பாக்கணும்னு. மொத தடவ பிரிட்டோ வெளிய வர மாட்டேன்னுட்டான். அடுத்த தடவயும் வந்திருக்கான். அதுக்கடுத்த தடவயும். கடைசியில பிரிட்டோ வந்து நின்னிருக்கான். புத்திமதி, பிரசங்கம்னு ஏதாச்சும் சொல்லுவான்னு நெனச்சிருக்கான் இவன். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டானாம்.

"தம்பி, என்னப் பாத்தப்ப நீ ஒரு நிமிசம் நின்னுட்ட. அடிக்க மனசில்லாமத்தான் நின்ன. அப்பறம் ஏன் அடிச்ச?"

இவன் உள்ள திரும்பிட்டான். "சரி, அடுத்த தடவ வர்றேன்"னு மதலைமுத்து போயிட்டானாம். அடுத்த தடவயும் அதே கேள்வி. ஒரு காலு இல்லாதவன், வேல இல்ல, செசிலி வீட்டு வேலைக்குப் போயிக் கஞ்சி ஊத்துறா, பஸ்ஸுல யாராச்சும் கை குடுத்துத் தூக்கி விட்டாத்தான் ஏற முடியும். அப்படி வந்து வந்து இத ஒண்ணக் கேட்டுட்டுப் போறான். என்ன மனுசன் அவன்? இது பழிவாங்கறது இல்லாம வேற என்ன? எம்புள்ளைக்குத் தூக்கம் போச்சு.

போன வாட்டி நான் வந்தப்ப பிரிட்டோ கம்பிக்கு அந்தாண்ட நின்னான். எளச்சிருந்தான். ஆனா மொகம் ஒரு மாதிரி தெளிஞ்சிருந்துச்சு. காச்சல் விட்டவன் மாதிரி.

"அம்மா, அவரு கேட்டாரு. சொல்லிட்டேன்."

"எவரு?" அவனப் போயி அவரு இவருன்னு சொல்றான் பாப்பா. "என்னடா சொன்ன?"

"நீ அன்னைக்குச் சொன்னத. கஞ்சி குடிக்கும்போது சொன்னத."

"அதக் கேட்டு அவன் என்ன சொன்னான்?"

"கம்பியப் புடிச்சிக்கிட்டு அழுதாரு. அவங்கம்மா கையால சாப்பிட்டதப் பத்தி ஏதோ சொன்னாரு, எனக்கு சரியாக் கேக்கல. நானும் அழுதேன். அடிச்சதுக்கு அம்மா மேல பழி போடாத தம்பி, கை ஒன்னோடதுதான்னாரு. ஆமாங்க, என்னோடதுதாங்கன்னேன். அப்பறம், ஒங்கம்மாவுக்கும் சேத்து செபம் சொல்லுவோம்னாரு."

எனக்கு! எனக்கு செபம் சொல்றானாம்!

நான் கத்துனேன். என்னென்னமோ கத்துனேன். வார்டர் வந்து அதட்டுனாரு. பிரிட்டோ கத்தல. அவன் மெதுவா சொன்னான். "அம்மா, நா வெளிய வந்ததும் பூசையில எல்லாரு முன்னாடியும் இதச் சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி நீயே அவங்க வீட்டுக்குப் போயி சொல்லிடு. வாசல் வழியாப் போ. போயிட்டு வந்துதான் இனிமே என்னப் பாக்கணும். போவாம வராத."

பெத்த தாயப் பாத்து.

நான் போவேனா? ஏரியத் தாண்டி, அந்தத் தெருவுக்கு, அவன் வாசல்ல நின்னு, அந்தச் செசிலி மொகத்தப் பாத்து? உசுரு போனாலும் போவ மாட்டேன். வேதத்துக்காக இத்தன பாடுபட்டவ, இதையும் படுவேன். ஆனா இன்னைக்குக் காலையிலயே பேரு எழுதிக் குடுத்தேன். எனக்குப் பின்னாடி வந்தவங்க எத்தனையோ பேரக் கூப்புட்டாச்சு. அந்த வார்டருகிட்ட போயிக் கேட்டேன். "ஒம் மகன் வர மாட்டேன்னுட்டான்மா, வீட்டுக்குப் போ"ங்கறான். நான் போவல. இங்கயே உக்காந்திருக்கேன். மனசு மாறுவான். என் வயித்துல பொறந்தவன்.

கோயிலப் புடுங்கிக்கிட்டான். எம்புருசன் மானத்தப் புடுங்கிக்கிட்டான். கடைசியில எம்புள்ளயையும். ஒரு கால வச்சிக்கிட்டு இவ்வளவும் பண்ணிட்டான்.

அந்தா, கூப்பிடுறாங்க. காளீஸ்வரின்னு கேக்குது, நீதான். இரு, ஒரு நிமிசம் இரு. ஒன் சேல முந்தானைய விட்டுட்டேன், இரு. ஒன் வீட்டுக்காரருகிட்ட ஒண்ணு சொல்லணும். உள்ள தையல் கூடத்துல பிரிட்டோன்னு ஒருத்தன் இருக்கான், ஒல்லியா, நெத்தியில தழும்பு இருக்கும். அவங்கிட்டச் சொல்லச் சொல்லு. ஒங்கம்மா அன்னைக்கு அப்படி ஒரு வார்த்த சொல்லவே இல்லையாம், நீதான் தப்பா கேட்டுட்டயாம், வெளிய கொட்டாய்ல உக்காந்து சத்தியம் பண்ணாங்க, என் பொண்டாட்டி பாத்தான்னு சொல்லச் சொல்லு.

என்ன பாக்கற? சொன்னேன்தான். ஒங்கிட்டத்தான சொன்னேன். நீ எங்க ஊரா, எங்க வேதமா? ஒங்கிட்டச் சொன்னதெல்லாம் கணக்குல வராது பாப்பா.

சொல்லுவல்ல? ஏய்... இந்தப் பக்கம் திரும்பி, தலையயாச்சும் ஆட்டிட்டுப் போ.